புதுப்பிப்பு: கோதுமை இல்லாத இரவு உணவு

மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உறுதியானபின், சப்பாத்திக்கும் ரவை உப்புமாவுக்கும் மாற்றாக இரவில் மனம் நிறையும்படி என்ன சமைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்தவற்றுள், வரகரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துச் சேர்த்த வெண்பொங்கலே அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆறியதும் இறுகிவிடுவதால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் வைத்து, பரிமாறும் முன் சிறிது வெந்நீரும் கலக்கிறேன். சிவப்பரிசி இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அடுத்த இடத்தில் இருக்கின்றன.

இவற்றைவிட முக்கியமானது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கப்படுவதால், உறையிலுள்ள பொருட்பட்டியலைப் படித்து, அரிசி மாவு கலந்ததையே வாங்குங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைப்பதையும் தவிர்த்து, வீட்டில் மிக்சியில் அரைத்துக்கொள்கிறோம்.