தரம் 9 பிள்ளைகளுக்கு வானியல் ஆவணத்தொடர்: அடுத்த நான்கு சனிக்கிழமைக்கும் எந்தப் பகுதிகளைப் போடலாம்?

சங்கானை ரீச்சர்:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 8, 9 பிள்ளைகளைச் சேர்த்து வானியல் ஆவணப்படம் காட்டத் தொடங்கியிருக்கிறோம். புரொஜெக்டர் இரவல், திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, வருகிறவர்கள் இருபத்தைந்து முப்பது பேர். போன கிழமை அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் 'கொஸ்மோஸ்' தொடரில் (1980 இல் வந்த பழையது) முதற் பகுதியை முழுதாகப் போட்டேன். ஒரு மணித்தியாலம், முழுக்க ஆங்கிலம். அரை மணித்தியாலத்துக்குள் பின்வரிசை தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களில் பிழையும் இல்லை. ஆனால் எரதொஸ்தெனிஸ் என்ற கிரேக்கர் இரண்டு தடியையும் நிழலையும் வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட இடம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த இடம் பத்து நிமிடம்கூட இல்லை.

முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு பிள்ளை வந்து, "ரீச்சர், இதுக்குள்ள எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டாள். அடுத்த கிழமை சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

சித்திரை விடுமுறைக்கு முன் நான்கு சனிக்கிழமை இருக்கிறது. எந்தப் பகுதிகள்? மொழிக்கு என்ன செய்யலாம்? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லலாம்? பெரிய புகழ்ச்சிக் கதை ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை, உண்மையாக இருக்க வேண்டும்.

வல்லைவெளி:

ரீச்சர், முதலில் முழுப் பகுதியையும் போடுவதை விட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள், வீட்டில் இரண்டு தரம் பாருங்கள், பிறகு மண்டபத்தில் சத்தத்தை அடைத்துவிட்டு நீங்களே தமிழில் கதை சொல்லுங்கள். நான் உயர்தரப் பெடியளுக்கு இப்படித்தான் செய்தேன். உங்கள் குரல் கேட்டால் பிள்ளைகள் இடையில் மறித்துக் கேள்வி கேட்பார்கள், ஆங்கிலக் குரலை மறிக்க யாருக்கும் துணிவு வராது. இசை வருகிற இடங்களில் மட்டும் சத்தத்தைத் திறந்துவிடுங்கள்.

எரதொஸ்தெனிஸ் பிடித்திருக்கிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பரிசோதனை எங்கள் ஊருக்கென்றே வைத்த மாதிரி. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஏப்ரல் 15 அளவில் சூரியன் சரியாக எங்கள் உச்சிக்கு வரும், பத்திரிகைகளில் "சூரியன் உச்சம் கொடுக்கிறது" என்று போடுவார்களே, அதுதான். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், பகல் 12.10 அளவில் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நேராக நட்டால் நிழல் தடிக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். ஏன் 12 மணிக்கு இல்லை, 12.10 என்று பிள்ளைகள் கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் மணிக்கூடு 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாங்கள் இருப்பது 80 பாகையில், ஒரு பாகைக்கு 4 நிமிடம்.

அதே நாள் மாத்தறையில் யாராவது ஒரு தடி நட வேண்டும். அவர்களுக்கு உச்சி நேரம் இரண்டு நிமிடம் முந்தி வரும், ஒரு மீற்றர் தடிக்கு ஆறரை சென்ரிமீற்றர் அளவில் நிழல் தெற்குப் பக்கம் விழும். அதிலிருந்து கிடைக்கிற கோணம் 3.7 பாகை. இரண்டு ஊருக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 410 கிலோமீற்றர். 360 ஐ 3.7 ஆல் பிரித்து 410 ஆல் பெருக்கட்டும், 40,000 க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எரதொஸ்தெனிஸ் கையில் இருந்ததும் இவ்வளவுதான்: 7 பாகை, எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து தெற்கே சியீன் நகர் வரைக்குமான தூரம்.

அடுத்ததாக மூன்றாம் பகுதி, கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர். இதை மட்டும் கட்டாயம் காட்டுங்கள். ரைக்கோ பிராகே தொலைநோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் வருடக்கணக்காகச் செவ்வாயை அளந்து வைத்திருந்தார். கெப்ளர் வட்டப்பாதையை வைத்துப் படாதபாடு பட்டு ஒரு கணக்கைக் கட்டுகிறார், எல்லாம் பொருந்துகிறது, ஓரிடத்தில் மட்டும் 8 கலை வித்தியாசம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. முழுநிலவின் அகலத்தில் கால்வாசி அளவு பிழை, வேறு யாராக இருந்தாலும் ரைக்கோ பிழையாக அளந்திருப்பார் என்று சொல்லிக் கடந்து போயிருப்பார்கள். இவர் ரைக்கோவை நம்பினார், தன் கணக்கைத் தூக்கி எறிந்தார், அதிலிருந்துதான் நீள்வட்டம் வந்தது. விடை சரியா பிழையா என்று மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, அந்தச் செவ்வாய்ப் படத்தில் நிறுத்திவைத்துவிட்டு ஐந்து நிமிடம் கதைக்க விடுங்கள். அந்த மனிதர் இந்தக் கணக்குகளுக்கிடையில் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்ட தன் தாயையும் வழக்கில் காப்பாற்றி எடுத்தவர்.

ஒன்று கூட. படம் முடிந்ததும் மண்டப விளக்கை அணைத்துவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். 1990 இல் கரண்ட் போன பிறகு நாங்கள் வளர்ந்த வருடங்களில் வானம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட பிறகு ஐயா முற்றத்தில் பாயைப் போட்டு அறுமீன் கூட்டமும் அகத்தியர் நட்சத்திரமும் காட்டித் தந்தார். அப்போது வீட்டில் தொலைக்காட்சி இல்லை, கொஸ்மோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்த மாதம் இரவு 8 மணிக்கு அகத்தியர் நேர் தெற்கே நிற்பார், வடக்கே துருவ நட்சத்திரம் பனை வடலிக்குள் மறைகிற அளவு பதிவாக, பத்துப் பாகை உயரத்தில் இருக்கும். அந்தப் பத்துப் பாகைதான் எங்கள் அகலக்கோடு என்று சொன்னால் படத்தில் பார்த்தது முற்றத்துக்கு வந்துவிடும்.

மணற்காடு:

நான் பதின்மூன்றாம் பகுதியைச் சொல்லுவேன், கடைசிப் பகுதி. அலெக்சாந்திரியா நூலகம் அதில் திரும்ப வருகிறது, சேகன் அந்த அலுமாரிகளுக்கு நடுவில் நடந்துகொண்டு, இங்கே இருந்தவை எவ்வளவு போய்விட்டன என்று சொல்லுவார்.

இதை நான் அம்மாவோடு இருந்து பார்த்தேன். அம்மா சின்ன வயதில் யாழ்ப்பாண நூலகத்தின் சிறுவர் பகுதியில் அங்கத்தவராக இருந்தவர். 1981 மே மாத முடிவில் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் அதற்குள். படம் முடியும்வரை அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அங்க என்னென்ன புத்தகம் இருந்ததெண்டு ஆராவது எழுதி வைச்சவையோ?" தேடிப் பார்த்தேன். அலெக்சாந்திரியாவில் எழுதித்தான் வைத்திருந்தார்கள், கல்லிமாக்கஸ் என்ற புலவர் 120 சுருள்களில் பட்டியல் செய்திருக்கிறார், அந்தப் பட்டியலும் மிஞ்சவில்லை, சில வரிகளே கிடைக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கும் என்று நினைக்கிறேன்.

அராலி மேற்கு:

மணற்காடு, உங்கள் அம்மாவின் கேள்வியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட முன் ரீச்சர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சேகன் அதில் ஹைபேஷியா என்ற கணிதப் பெண் கொலையுண்டதையும் நூலகத்தின் அழிவையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். வரலாறு அப்படி இல்லை. ஹைபேஷியாவைக் கும்பல் கொன்றது 415 இல், நகர ஆளுநருக்கும் ஆயருக்கும் நடந்த அதிகாரச் சண்டைக்குள் அவர் அகப்பட்டார். பெரிய நூலகம் அதற்கு வெகுகாலம் முன்னரே, பல நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிருந்தது. எங்களுடையது ஓர் இரவில் எரிந்தது, அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் எங்களுடையதன் உண்மைதான் மங்கிப்போகும். காட்டுங்கள், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2014 இல் வந்த புதிய கொஸ்மோஸ் தொடரின் முதற் பகுதியிலும் இதே சிக்கல். இத்தாலியத் தத்துவவாதி புரூனோவை 1600 இல் உரோமில் எரித்ததை வானியலுக்காகவே எரித்தார்கள் என்று தோன்றும்படி காட்டியிருக்கிறார்கள். அவர்மீது இருந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி சமயக் கோட்பாடு பற்றியவை. அவர் விஞ்ஞானி இல்லை என்று படமே ஓரிடத்தில் சொல்கிறது, ஆனால் கார்ட்டூன் படத்தின் வேகத்தில் அது பிள்ளைகளுக்குக் கேட்காது.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சங்கானைக்குப் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள், வானியலும் பாடம். எங்கள் அராலியில் விசுவநாத சாஸ்திரியார் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தவர். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் அளவும் ஒன்று, செமினரித் தலைவர் டானியல் பூவரின் கணக்கு வேறொன்று. ஊரெல்லாம் பார்த்திருக்க, கிரகணம் பூவரின் கணக்குப்படியே வந்தது. பூவருக்கு அதில் மதம் பரப்புகிற நோக்கமும் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை.

இதோடு நிறுத்தினால் "எங்கட ஆக்கள் தோற்றவை" என்றாகிவிடும், ஆகவே அடுத்த கதையையும் சொல்லுங்கள். 1825 இல் சென்னை வானாய்வகத்தில் முன்னர் வேலைசெய்த ஜோன் வாரன் என்பவர் ஒரு நூலை அச்சிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தாளும் எழுத்தாணியும் இல்லாமல், நிலத்தில் சோகிகளை (சோழிகளை) வைத்து, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம் பிழை, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். காகிதமே இல்லாமல்! நூற்றுக்கு மேற்பட்ட வருடம் கழித்து நொய்கபவர் என்ற விஞ்ஞான வரலாற்றாசிரியர் இதை ஆராய்ந்தபோது, அந்தச் சோகிக் கணக்குக்குள் பண்டைய பாபிலோனியர்களின் எண்கணித முறை உயிரோடு இருப்பதைக் கண்டார். பாபிலோனில் தொடங்கியது கிரேக்கம் வழியாக இந்தியாவுக்கு வந்து, வாக்கியமாகிப் புதுச்சேரித் திண்ணையில் இருந்திருக்கிறது. இப்போதும் எங்கள் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வருடப்பிறப்பு நேரம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால் இந்தக் கதைக்குள்தான் போக வேண்டும். எங்கட ஆக்கள் அந்தப் பெரிய கதைக்குள் முன்னரே இருக்கிறார்கள், படம் எடுத்தவர்கள் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவில்லை.

ஓரளவு திருப்பியதும் உண்டு. பழைய தொடரின் பத்தாம் பகுதியைப் பாருங்கள், சேகன் தமிழ்நாட்டுக்கு வந்து பொங்கலையும் சோழர் காலத்து நடராசர் சிலையையும் காட்டுகிறார். பிரமனின் ஒரு பகலும் இரவும் 864 கோடி வருடம் என்பது இன்றைய விஞ்ஞானத்தின் கால அளவுகளோடு ஒத்துப்போவது தற்செயல்தான் என்று அவரே சொல்கிறார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

பௌதிகம் மூன்றாம் வருடம்:

அக்கா, பெண்பிள்ளைகள் இருந்தால் 2014 தொடரின் எட்டாம் பகுதி. செசிலியா பெய்ன் 1925 இல் தன் ஆய்வேட்டில் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என்று கண்டுபிடிக்கிறார், அக்காலத்துப் பெரிய வானியலாளர் ரசல் அது நடக்காது என்கிறார், இவரும் அந்த முடிவு உண்மையாக இருக்காது என்று ஏட்டிலேயே எழுதிவிடுகிறார். நான்கு வருடத்தில் ரசலே அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். தரம் 9 இல் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பௌதிகம் எடுக்கப் பயந்து வீட்டில் ஒரு வருடம் வாதாடியிருக்க மாட்டேன். ஆண்பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அகத்தியர் பார்க்க வரும் நாளில் சொல்லுங்கள், என்னிடம் சிறிய தொலைநோக்கி இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

சங்கானை ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இரவு இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். இந்தச் சனிக்கிழமை கெப்ளர், சத்தம் இல்லாமல், நான்தான் கதை சொல்லப் போகிறேன். அடுத்தது செசிலியா பெய்ன், அன்று தொலைநோக்கியோடு வாருங்கள் தங்கச்சி. மூன்றாவது பத்தாம் பகுதியில் பொங்கல் துண்டு, அதோடு அராலிக் கிரகணமும் சோகிக் கணக்கும். சோகியைக் கசூரினாக் கடற்கரையில் பொறுக்கலாம். நூலகப் பகுதியைக் கடைசிக் கிழமைக்கு வைக்கிறேன். மணற்காடு, உங்கள் அம்மாவுக்கு விருப்பமென்றால் அன்று வந்து பிள்ளைகளோடு கொஞ்சம் கதைப்பாரா?

கேள்வி கேட்ட பிள்ளையின் வீடு அடுத்த ஒழுங்கைதான், இன்று பின்னேரம் போய்ச் சாஸ்திரியார் கதையைச் சொன்னேன். "அராலியோ? அம்மம்மாட ஊர்" என்றாள்.

தடி தயார். ஏப்ரல் 15 அன்று மாத்தறையில் ஒரு தடி நட, அங்கே படிப்பிக்கிற அல்லது படிக்கிற யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பகல் 12.08 க்கு நிழலை அளந்து அனுப்பினால் போதும்.