1941 கிள்ளான் வேலைநிறுத்தம்: நூலகத் தேடலில் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பட்டர்வொர்த்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன். ஆய்வு, 1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றியது. பல்கலைக்கழக நூலகத்தின் இணையத் தேடலில்தான் சிக்கி நிற்கிறேன்.

'எஸ்டேட்' என்று போட்டால் வீடு, நிலம் விற்கிற கட்டுரையெல்லாம் வந்து கொட்டுகிறது. முழுத் தொடரையும் மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒன்றுமே வருவதில்லை. ஓரளவு கைகொடுத்தது ஒரு வழிதான்: பொருத்தமான ஒரு புத்தகத்தின் பதிவைத் திறந்து, அதிலுள்ள பொருள் தலைப்பை (நூல் எதைப் பற்றியது என்று நூலகத்தார் இடும் தலைப்பு) சொடுக்குவது. அப்படிப் போனால் நம்மவர்களைப் பற்றிய நூல்கள் 'ஈஸ்ட் இண்டியன்ஸ் – மலேசியா' என்ற தலைப்பின் கீழ் கிடக்கின்றன! இதை யார் யோசித்துத் தேடுவார்கள்?

தமிழ் நூல்கள் இன்னும் சிரமம். தமிழில் தட்டினால் சில வருகின்றன. பல, புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. அதில் 'ச' வந்தால் 'எஸ்' (s) அல்ல, 'சி' (c) போட வேண்டும்.

தமிழ் நூல்களை ஒரே தேடலில் பிடிக்க வழி உண்டா? போருக்கு முந்தைய 'தமிழ் நேசன்' செய்தித்தாளின் இதழ்கள் மைக்ரோபிலிமில் எங்கே இருக்கின்றன, எந்தப் பெயரில் தேடுவது? கூகல் ஸ்காலர், சிங்கப்பூரின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி இரண்டும் பார்த்தாகிவிட்டது, அவற்றைத் தவிர்த்துச் சொல்லுங்கள். கோலாலம்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பழகியவர்கள் இருந்தால் இன்பாக்ஸ் வாருங்கள். விடுப்பு எடுத்து நேரில் வரவும் தயார்.