மேலாளருக்கும் அவருக்குக் கீழே இருப்பவருக்கும் காதல்: கோடு எங்கே?

மழைத்துளி:
எங்கள் அலுவலகத்தில் புது விதி வருகிறது. ஒரே டீமில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் காதலித்தால் எச்.ஆரிடம் (மனிதவளத் துறையிடம்) சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நடவடிக்கை. எனக்குச் சரி என்றே படுகிறது. உங்களுக்கு?

தனிவழி:
எனக்குச் சரியாகப் படவில்லை. இருவருக்கும் விருப்பம் என்றால் நடுவில் எச்.ஆருக்கு என்ன வேலை? நானும் என் மனைவியும் ஒரே டீமில்தான் பழகினோம். அப்போது அவர்தான் என் டீம் லீட். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இது காதலா என்று எங்களுக்கே அப்போது தெளிவில்லை. ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

மழைத்துளி:
அந்த எட்டு மாதத்தில் உங்கள் அப்ரைசலைப் போட்டது யார்?

தனிவழி:
அவர்தான். சொல்லப்போனால் கொஞ்சம் குறைத்தே போட்டார்.

மழைத்துளி:
குறைத்துப் போட்டாலும் அது உங்கள் வேலைக்கான மதிப்பெண் இல்லையே. பக்கத்து சீட்டில் இருந்தவரையும் அவர்தானே மதிப்பிட்டார்?

நடுநிசி:
நான் கீழே இருந்தவள். மனதாரத்தான் சம்மதித்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. பிரிந்த பிறகு ஒருநாள் லீவ் கேட்டு மெயில் எழுத உட்கார்ந்தேன். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு நாள் விடுப்பு வேண்டும்.' இவ்வளவுதான். ஆனால் போக வேண்டியது அவருக்கு. நாலு முறை அழித்து எழுதினேன். கெஞ்சுவதுபோல இருக்கக் கூடாது, கோபமாகவும் தெரியக் கூடாது. அவர் மோசமானவர் இல்லை, உடனே லீவ் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வேறு டீமுக்கு மாற்றப்பட்டது மட்டும் நான்தான். சரி என்று சொன்னபோது தெரியாத அதிகாரம், வேண்டாம் என்ற பிறகுதான் தெரிந்தது.

தனிவழி:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் விதி இருந்தாலும் உங்களைத்தானே மாற்றியிருப்பார்கள்? இன்டெல் தலைவர் பிரையன் கிர்சானிச் ஊழியர் ஒருவருடன் இருந்த உறவு வெளியே தெரிந்து 2018-ல் பதவி விலகினார். அது இருவர் சம்மதத்தோடு இருந்த உறவு என்று நிறுவனமே சொன்னது. அதையும் தொல்லை கொடுப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

மழைத்துளி:
வைக்கக் கூடாது. ஆனால் தலைவருக்கு எல்லோருமே கீழேதான், மாற்றிவிட வேறு டீம் கிடையாது. அவருக்கு முழுத் தடைதான் சரி. மெக்டொனால்ட்ஸில் தலைவராக இருந்த ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019-ல் ஊழியர் ஒருவருடன் இருந்த உறவுக்காக நீக்கினார்கள். வேறு உறவுகளையும் மறைத்தார், அவர்களில் ஒருவருக்குப் பங்குகளும் ஒதுக்கினார் என்று மறுவருடம் நிறுவனமே வழக்குப் போட்டது. 2021-ல் 10.5 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்.

மற்றவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். காதலைப் பற்றிப் படிவம் வேண்டாம். 'இவருடைய அப்ரைசலை இனி நான் போட முடியாது' என்று மேலே இருப்பவர் ஒரு வரி எழுதட்டும், யாரும் காரணம் கேட்கக் கூடாது. மாற்றம் வந்தால் மேலே இருப்பவர்தான் நகர வேண்டும்.

தனிவழி:
அந்த ஒரு வரியை நாங்கள் எழுதியிருப்போம். தாமதமானால் தண்டனை என்பதை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. எந்த நாளில் எழுதுவது?

நடுநிசி:
அடுத்த அப்ரைசலுக்கு முன்னால் எழுதினால் போதும். அப்புறம் என் லீவ் மெயில் வேறு யாருக்காவது போகட்டும்.