ஃபுன்ஷாலில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி. என்ன பார்க்கலாம்?

அலைவரிசை:

வணக்கம். ஏப்ரலில் நானும் அம்மாவும் சவுத்தாம்ப்டனிலிருந்து ஒரு கப்பல் பயணம் போகிறோம். கேனரித் தீவுகளுக்குப் போகும் வழியில் மதீராத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். காலை எட்டு மணிக்குக் கரை, மாலை ஐந்துக்குப் புறப்பாடு, நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.

கப்பலிலேயே விற்கும் டூர்களில் 'தீவு முழுவதும் ஒரே நாளில்' என்று ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. படியேறுவதுதான் சிரமம், சமதளத்தில் மெதுவாக நடப்பார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவோ யூடியூபில் அந்தக் கூடைச் சறுக்கு வண்டியைப் பார்த்துவிட்டு, அதில் ஏறாமல் திரும்ப மாட்டேன் என்கிறார். நாங்கள் சுத்த சைவம் வேறு. போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மஞ்சள்குடை:

மற்றதற்கெல்லாம் முன்னால் விசா. மதீரா போர்ச்சுகலைச் சேர்ந்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், பல முறை நுழையும் விசாவாக இருந்தால் நிம்மதி. பயணம் முடிந்து சவுத்தாம்ப்டனுக்கே திரும்புவதால், பிரிட்டன் விசாவும் திரும்பும் நாள்வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். கப்பலில் ஏறும்போதே இதையெல்லாம் சரிபார்ப்பார்கள். கடிகார நேரத்தில் குழப்பம் வராது. பிரிட்டனும் மதீராவும் கேனரித் தீவுகளும் ஒரே நேரம்தான்.

கீழ்த்தளம்:

சகோதரி, நான் பயணிகள் கப்பலில் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவன். குளிர்காலம் வந்தால் எங்கள் கப்பல் கேனரி, மதீரா என்றுதான் சுற்றும். காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து ராத்திரி வேலை தொடங்குவதற்குள் இருக்கிற இடைவெளியில்தான் நாங்கள் கரையைப் பார்க்க முடியும். அந்த நேரத்துக்குள் என்ன முடியும் என்பது அப்படித்தான் எனக்குப் பழக்கம். அதனால் நேராகவே சொல்கிறேன்: தீவைச் சுற்றாதீர்கள். ஃபுன்ஷாலுக்குப் பின்னால் எழும்புகிற ஒரே ஒரு மலைச்சரிவில் ஏறி இறங்குங்கள். அதுவே ஒரு பகலுக்கு நிறைய.

காரணம் இருக்கிறது. வரைபடத்தில் மதீரா சின்னதாகத் தெரியும், நீளம் 57 கிலோமீட்டர்தான். ஆனால் கடலிலிருந்து நேராக எழுந்த எரிமலைத் தீவு அது, உச்சி 1862 மீட்டர். அதைக் குடைந்து சுரங்கப் பாதைகளாகப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் தீவைச் சுற்றினால் கணிசமான நேரம் சுரங்கத்துக்குள்தான் போகும். வெளியே வந்தால் இருபது நிமிடம் நிறுத்துவார்கள், படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய தொல்லை.

துறைமுகத்திலிருந்து பழைய ஊர்ப் பகுதிக்குக் கடலோரமாகவே நடக்கலாம், சமதளம்தான், ஆனாலும் அரை மணி நேரமாவது ஆகும். அம்மாவுக்காக டாக்ஸி பிடியுங்கள். மஞ்சள் வண்டியில் நீலக்கோடு போட்டிருக்கும். 'டெலிஃபெரிக்கோ' என்றால் போதும், கேபிள் கார் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். ஒன்பது, ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். டூர் கூட்டம் வந்துவிட்டால் வரிசை நீளும்.

மேலே மோண்டே என்கிற ஊருக்குப் போக கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கீழே பார்த்துக்கொண்டே போங்கள். முதலில் ஓட்டு வீடுகளின் கூரைகள், மொட்டை மாடியில் காயும் துணி, அப்புறம் வீட்டுக்கு வீடு கைக்குட்டை அளவில் வாழைத் தோட்டம். ஆழமாகச் சுவர் கட்டிய ஓடைகளும் தெரியும். பெரும்பாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் ஓடும். 2010 பிப்ரவரி 20 அன்று மலையில் கொட்டிய மழை இந்த ஓடைகள் வழியாகத்தான் பாறையும் சேறுமாக ஊருக்குள் இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சுவர்கள் ஏன் அவ்வளவு கனம் என்பது மேலிருந்து பார்த்தால் புரியும்.

மோண்டேயில் கீழே இருப்பதைவிடக் குளிரும், சட்டென்று மேகம் இறங்கி மூடும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மாதா கோயிலுக்கு நீளமான படிக்கட்டு இருக்கிறது, அதை அம்மா ஏற வேண்டாம். பக்கத்திலேயே பெரிய மரங்களடியில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது, பெஞ்சும் காபிக் கடையும் உண்டு. அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். உள்ளே இடது பக்கமோ வலது பக்கமோ என்று தேட வேண்டியதில்லை, ஆட்கள் நிற்கும் பக்கச் சிற்றாலயத்தில்தான் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்லின் சவப்பெட்டி இருக்கிறது. முதல் உலகப் போரில் அரசை இழந்து, 1921 நவம்பரில் நாடு கடத்தப்பட்டு இந்தத் தீவுக்கு வந்தவர். பணமில்லாமல் இந்த மேகத்துக்குள் ஒரு இரவல் வீட்டில் இருந்தார். 1922 ஏப்ரல் 1 அன்று நிமோனியாவில் போய்விட்டார், வயது முப்பத்து நான்கு. அவர் மனைவி அப்போது எட்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பேரரசர் என்றால் அரண்மனை மாதிரி எதிர்பார்ப்போம், இங்கே கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டியும் சில நாடாக்களும்தான். எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று தோன்றும்.

சரி, கூடை வண்டி. கோயில் படிக்கட்டின் அடியிலிருந்தே கிளம்புகிறது. பிரம்புக் கூடையில் மெத்தை போட்ட சோபா, அடியில் இரண்டு மரச் சட்டங்கள். சக்கரமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியும் போட்ட இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து ஓடுவார்கள், வேகம் எடுத்ததும் பின்னால் தொற்றிக்கொள்வார்கள். அவர்களின் பூட்ஸைக் கவனியுங்கள். கனமான ரப்பர் அடி, அதுதான் பிரேக். வளைவு வந்தால் காலை ஊன்றி வண்டியைப் பக்கவாட்டில் திருப்புவார்கள், கூடை குறுக்காகவே கொஞ்ச தூரம் போகும். கார் ஓடும் சாதாரணத் தெருதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேட்டு வீட்டுக்காரர்கள் ஊருக்குள் இறங்க வைத்திருந்த வாகனம், இன்றும் தொழிலாக நடக்கிறது.

முழங்கால் மட்டும்தான் பிரச்சினை என்றால் அம்மா தாராளமாகப் போகலாம். இருக்கை தாழ்வு, ஏறும்போதும் எழும்போதும் கை கொடுக்கச் சொல்லுங்கள். முதுகுத் தண்டிலோ கழுத்திலோ வலி இருந்தால் வேண்டாம், குலுக்கல் அதிகம். ஒரு முக்கியமான விஷயம்: வண்டி ஊர் நடுவில் கொண்டுபோய் விடாது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் இறங்கி லிவ்ரமென்டோ என்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்கு இன்னும் செங்குத்தான இறக்கம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம். அங்கேயே டாக்ஸி நிற்கும், ஏறுவதற்கு முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலைவரிசை:

அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன், பூட்ஸ் விஷயத்தைக் கேட்டதும் இன்னும் உறுதியாகிவிட்டார்! இரண்டு சந்தேகம். காற்று மழை என்றால் என்ன செய்வது? இன்னொன்று, லெவாடா என்று வாய்க்கால் ஓர நடையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்களே, அம்மாவால் முடியுமா?

கீழ்த்தளம்:

காற்று பலமாக இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அப்போது டாக்ஸியிலேயே மேற்குப் பக்கம் கமாரா டி லோபோஸ் என்கிற மீனவர் ஊருக்கும் கபோ ஜிராவோவுக்கும் போய் வாருங்கள். கபோ ஜிராவோவில் 580 மீட்டர் உயரப் பாறை விளிம்பில் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள், காலடியில் கடலோரத் தோட்டங்கள் தெரியும். மழை பெய்தால் ஊருக்குள் கவனம். நடைபாதையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த கோலம், நனைந்தால் வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடிச் செருப்பு, இல்லை, ஷூவே போட்டுவிடுங்கள்.

லெவாடா பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு சந்தோஷம். அந்தத் தீவை வாழவைப்பதே அதுதான். மழை வடக்கே பெய்கிறது, வெயிலும் விளைநிலமும் தெற்கே. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மலையைச் செதுக்கி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெற்கே கொண்டுவருகிறார்கள். பல வாய்க்கால்கள் ஒரு முழம், இரண்டு முழம் அகலம்தான். சரிவு கண்ணுக்கே தெரியாது, ஒரு இலையைப் போட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். யாருக்கு எந்த மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்துவிட 'லெவாதெய்ரோ' என்று தனி ஆள் உண்டு. வாய்க்கால் ஓரம் கிட்டத்தட்டச் சமதளம் என்பதால் முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பாதை குறுகல், சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளம், அங்கே போய்ச் சேரும் வழியிலும் ஏற்றம் உண்டு. அம்மாவை முழு நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். கேபிள் காரில் வரும்போதும் மோண்டேயில் தெருவோரமும் தண்ணீர் ஓடுவதைக் காட்டுங்கள்.

மூன்று மணிக்குத் துறைமுகப் பக்கம் வந்துவிடுங்கள். சாந்தா கத்தரீனா பூங்காவில் உட்கார்ந்தால் உங்கள் கப்பல் கண்ணெதிரே நிற்கும். நீங்களாகவே சுற்றப் போனால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்த பிறகு கரையில் ஓடி வருபவர்களை நான் தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

மஞ்சள்குடை:

சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன், நானும் சைவம். 'போலு டு காகு' என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த தட்டை ரொட்டி, கல்லில் சுட்டு பூண்டு வெண்ணெய் தடவிச் சூடாகத் தருவார்கள். வெறும் ரொட்டியாகவே கேளுங்கள், உள்ளே இறைச்சி வைத்தும் விற்பார்கள். கரும்புப் பாகில் செய்யும் கறுப்புக் கேக் 'போலு டி மெல்' பார்க்க சைவமாகத் தெரியும். ஆனால் பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பு உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லவ்ரடோரெஸ் சந்தை கேபிள் காருக்குப் பக்கத்திலேயே, 1940இல் திறந்த கட்டடம், வாசல் ஓடுகளின் சித்திரம் அழகு. ஞாயிறு என்றால் மூடியிருக்கும். மீன் பகுதியில் கரி பூசினாற்போல் எஸ்படா மீன் நீளநீளமாகக் கிடக்கும், அம்மாவுக்கு வாடை பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் வேண்டாம். பழக்கடையில் மட்டும் ஜாக்கிரதை. ஒரு கடையில் விதவிதமான பாஷன் பழத்தை வெட்டி வெட்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள், தேனாக இனித்தது. பையில் போட்டு எடை பார்த்ததும் முப்பது யூரோவுக்கு மேல் சொன்னார்கள். கப்பலில் வந்து அறுத்தால் ஒரே புளிப்பு. கிலோ விலை என்ன என்று முதலில் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் அறுத்த பழத்தை மட்டும் ருசி பாருங்கள். உள்ளூர் வாழைப்பழம் சின்னது, நல்ல இனிப்பு. நடுவில் பசித்தால் அம்மாவுக்கு அது போதும்.