சில்கியின் கொண்டையும் ஒரு குவியல் சருகும்

குழு: பெரிய வீடு

ஞாயிறு

நான் (7:05): சித்தப்பா, அவசரம். சில்கிக் கோழியின் தலையில் ரத்தம். காலையில் கூண்டைத் திறந்தால் மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கொண்டை இறகு பாதியைக் காணோம். மூன்று லெகார்ன் கோழியும்தான் கொத்தியிருக்க வேண்டும், ஒன்றின் அலகில் இன்னும் பஞ்சு போல இறகு ஒட்டியிருக்கிறது.

நான் (7:05): (படம்)

சித்தப்பா (7:09): முதலில் அதைத் தனியாக எடுத்து வை. ரத்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் சாதுவான கோழிகூட வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுத்தான் போகும்.

நான் (7:16): எடுத்துவிட்டேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறது.

அத்தை (7:18): ஐயோ பாவம், அந்தப் பஞ்சுக்கோழியா? அது யாரையும் ஒன்றும் செய்யாதே.

நான் (7:20): அதுதான் அத்தை, மனசே சரியில்லை. இந்த லெகார்ன்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இனமே சரியில்லை போல.

சித்தப்பா (7:31): அவசரப்படாதே தம்பி. லெகார்ன் கெட்ட இனம் இல்லை, பயந்த இனம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பெயரைத்தான் ஆங்கிலத்தில் லெகார்ன் என்று ஆக்கினார்கள், மெலிந்த உடம்பு, லேசான எடை, நல்ல பறப்பு, எந்நேரமும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும், அடை உட்காருவதே அபூர்வம். நீ வைத்திருக்கும் ஆர்பிங்டன் அப்படியே எதிர். 1886இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வில்லியம் குக் என்பவர் உருவாக்கிய இனம், கனத்த உடம்பு, நாம் பக்கத்தில் போனாலும் நகராது. சில்கியோ பறக்கவே முடியாத கோழி. அதன் இறகில் மற்றக் கோழிகளுக்கு இருக்கும் கொக்கிப் பின்னல் இல்லை, அதனால் பஞ்சு போல் பிரிந்து கிடக்கும். கொண்டை கண்ணை மறைப்பதால் யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, கொத்து விழுந்த பிறகுதான் தெரியும். இந்த மூன்றையும் ஒரே கூண்டில் அடைத்தால் முதல் அடி யாருக்கு விழும் என்று நீயே யோசித்துப் பார்.

சித்தப்பா (7:34): இன்னொன்றும் சொல்கிறேன். கோழியின் குணம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் இரண்டு இருக்கிறது. மனிதரிடம் எப்படி என்பது ஒன்று, கோழிக்குக் கோழி எப்படி என்பது இன்னொன்று. அசில் என்ற சண்டைச் சேவலைப் பார், மடியில் தூக்கி வைத்தால் குழந்தை மாதிரி உட்காரும், இன்னொரு சேவல் கண்ணில் பட்டால் உயிர் போகும்வரை நிற்காது. லெகார்ன் நம்மைக் கண்டால் ஓடும், ஆனால் தன்னைவிடப் பலவீனமானதை விடாது. சாது இனம் என்று யாராவது சொன்னால் யாரிடம் சாது என்று கேட்க வேண்டும்.

அண்ணன் (7:40): கொத்து வரிசை என்று படித்திருக்கிறேன். நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து கவனித்து 1921இல் எழுதினார். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு, அது நிலைத்துவிட்டால் சண்டை குறைந்துவிடும். நீ சில்கியைப் போன மாதம்தானே சேர்த்தாய்?

நான் (7:42): ஆமாம், நேராகக் கூண்டுக்குள் விட்டுவிட்டேன்.

சித்தப்பா (7:43): அது தவறு. நடுவில் கம்பிவலை வைத்து ஒரு வாரமாவது பார்வையில் பழக்கியிருக்க வேண்டும்.

அக்கா (8:10): இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, கூண்டுக்குள் தரை எப்படி இருக்கிறது?

நான் (8:11): சுத்தமாக இருக்கிறது அக்கா, தினமும் காலையில் பெருக்குகிறேன். ஒரு தூசி இருக்காது.

அக்கா (8:19): அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, அது விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் காட்டுத் தரையில் சருகைக் கிளறியும் கொத்தியும்தான் கழிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் கால்களும் அலகும் உன் கோழிகளிடம் அப்படியே இருக்கின்றன, கிளறத்தான் ஒன்றும் இல்லை. தீனியைத் தட்டில் வைக்கிறாய், கால் மணி நேரத்தில் தின்று முடித்துவிடும். மீதி நாள் முழுவதும் அந்த அலகு எங்கே போகும்? எதிரில் ஆடிக்கொண்டிருக்கும் பஞ்சு இறகுக்குத்தான் போகும். ஆர்பிங்டன் சும்மா உட்கார்ந்து நேரத்தைக் கடத்தும், லெகார்னால் முடியாது.

நான் (8:21): நான் சுத்தமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் 😔

அத்தை (8:23): சருகுதானே வேண்டும்? என் கொல்லையில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. இன்று சாயங்காலம் கொளுத்தலாம் என்றிருந்தேன்.

அக்கா (8:23): அத்தை கொளுத்தாதீர்கள்!!

அக்கா (8:24): புகை ஒரு பக்கம் இருக்கட்டும், மரம் ஒரு வருடம் மண்ணிலிருந்து எடுத்ததை நீங்கள் ஒரு மணி நேரத்தில் வானத்துக்கு அனுப்புகிறீர்கள். தம்பி, நீ போய் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடு.

அத்தை (8:26): எடுத்துக்கொண்டு போ கண்ணு, எனக்கு இடம் சுத்தமானால் போதும்.

சித்தப்பா (8:30): சருகு நல்ல யோசனைதான், ஆனால் பார்த்து எடு. மேலே இருக்கும் காய்ந்ததை மட்டும் எடு. அடியில் நனைந்து கட்டியாகி, கிளறினால் வெள்ளைப் புழுதி பறக்கிறதே, அது பூஞ்சணம், மூச்சில் போனால் கோழிக்கு நுரையீரல் நோய் வந்துவிடும், உனக்கும் நல்லதில்லை. அரளி இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, விஷம். தைலமர இலையும் வேண்டாம், எண்ணெய்ப் பசை, சீக்கிரம் மக்காது. சாலையோரச் சருகு என்றால் கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக், கம்பி எல்லாம் கலந்திருக்கும், கோழி பளபளப்பாக எதைக் கண்டாலும் விழுங்கிவிடும்.

நான் (8:33): அத்தை வீட்டில் அரளி இருக்கிறதா?

அத்தை (8:35): வாசல் பக்கம் இருக்கிறது. கொல்லையில் இல்லை, மா, வேம்பு, பலாதான்.

அக்கா (8:44): அருமை. கூண்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்குப் போடு, பரப்பாதே, நடுவில் குவியலாகக் கொட்டிவிட்டுக் கையளவு தானியத்தை அதன்மேல் தூவிவிடு. பரப்புகிற வேலையை அவை பார்த்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை புதுச் சருகு மேலே சேர்த்துக்கொண்டே போ, பெருக்காதே. எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகில் கரிமம் (கார்பன்) அதிகம், இரண்டும் கிளறக் கிளறக் கலந்து அடியில் மெல்ல மக்கத் தொடங்கும். மூக்கைப் பிடிக்கும் நெடி வந்தால் சருகு போதவில்லை என்று பொருள், இன்னும் போடு. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது. ஈரத் தரைதான் ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும், தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் தூக்கி வை.

நான் (8:47): கடைசியில் அதை அப்படியே கத்தரிக்குப் போடலாமா அக்கா?

அக்கா (8:58): கூடாது. கோழி எச்சம் சூடு, பச்சையாகப் போட்டால் வேர் கருகும், கிருமியும் இருக்கும். வெளியே எடுத்து ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குவித்து இன்னும் கொஞ்சம் சருகு சேர். 25இலிருந்து 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். கோழி எச்சத்தில் மட்டும் அது 10 பங்குக்குப் பக்கத்தில்தான், காய்ந்த சருகிலோ 40க்கு மேல், அதனால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் போய்ச் சில நாள் நிற்க வேண்டும், புரட்டிவிட்டு மறுபடி சூடேற விட வேண்டும். அப்புறம் ஆறவிட்டு, மண் வாசனை வந்த பிறகு போடு. மீதிச் சருகு இருந்தால் தனியாக ஒரு மூலையில் கம்பிவலை வளையத்துக்குள் நனைத்து வைத்துவிடு, ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்பாகப் பொலபொலவென்று இலைமக்கு கிடைக்கும். அதில் சத்து அதிகம் இல்லை, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணை கிடையாது. எனக்கு நாற்றுப் போட அது இல்லாமல் ஆகாது.

அண்ணன் (9:02): சில்கியை மறுபடி உள்ளே விடலாமா?

சித்தப்பா (9:06): காயம் ஆறி இறகு மூடும்வரை கூடாது. அதற்குப் பிறகும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம்தான். சருகு போட்டதால் குணம் மாறிவிடும் என்று நினைக்காதே, லெகார்ன் லெகார்ன்தான்.

அக்கா (9:08): குணம் மாறாது சித்தப்பா, குணத்துக்கு ஒரு வேலை கிடைக்கும்.

சித்தப்பா (9:09): சரி, பார்க்கலாம்.

மூன்று வாரம் கழித்து, சனி

நான் (17:40): (காணொளி)

நான் (17:44): பாருங்கள், ஒன்பது மூட்டை போட்டாகிவிட்டது. காலையில் குவியலாகக் கொட்டினால் மதியத்துக்குள் தரையோடு தரையாக்கிவிடுகின்றன. முன்னால் லெகார்ன்கள், அவை கிளறிவிட்டுப் போன இடத்தில் ஆர்பிங்டன்கள் மெல்ல நடந்து பொறுக்குகின்றன. ஒன்றையொன்று துரத்துவது தீனி வைக்கும் நேரத்தில் மட்டும்தான், அதுவும் இரண்டு தட்டாக்கிய பிறகு குறைந்துவிட்டது. நாற்றமும் இல்லை. முன்பு தினமும் பெருக்கியும் வந்த நாற்றம் இப்போது இல்லை என்பதுதான் என்னால் நம்ப முடியவில்லை.

அத்தை (17:46): என் சருகா இது! மறுபடி விழுந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

சித்தப்பா (17:52): சில்கி?

நான் (17:55): கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தனியாக, அதற்கும் சருகு போட்டிருக்கிறேன். கண்ணை மறைக்கும் இறகை மட்டும் கத்தரித்துவிட்டேன், இப்போது கூப்பிட்டால் நேராக நடந்து வருகிறது. ஒரு லெகார்ன் மட்டும் இன்னும் வலையோரம் வந்து முறைக்கிறது, அதனால் ஒன்றாக விடவில்லை.

சித்தப்பா (17:57): விடாதே. அப்படியே இருக்கட்டும், தப்பில்லை. நானும் ஒத்துக்கொள்கிறேன், இந்த அளவுக்கு அடங்கும் என்று நினைக்கவில்லை.

நான் (18:03): ஒரு கவலை. பத்து நாளாக முட்டை பாதிதான் கிடைக்கிறது. சருகு ஒத்துக்கொள்ளவில்லையோ?

அக்கா (18:04): குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாயா?

நான் (18:21): வலது மூலையில் பதினோரு முட்டை! அதன்மேல் ஓர் ஆர்பிங்டன் தட்டையாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கையை நீட்டினால் உறுமுகிறது. பெரும்பாலும் வெள்ளை முட்டை, லெகார்ன் இட்டதை இது அடை காக்கிறது.

அக்கா (18:22): 😂 சருகைக் கண்டால் ஒளித்து வைத்துத்தான் இடும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை தேடு.

அத்தை (18:24): குஞ்சு வருமா கண்ணு?

நான் (18:25): சேவலே இல்லையே அத்தை.

சித்தப்பா (18:30): அவை பொரிக்காது, எடுத்துவிடு. ஆனால் அடையைக் கலைக்காதே, அடியில் ஒரு முட்டையை மட்டும் விட்டு வை. ஆர்பிங்டன் உட்கார்ந்தால் 21 நாளும் எழுந்திருக்காது, அந்தக் குணத்தை வீணாக்கக் கூடாது. என்னிடம் சேவலோடு இருக்கும் பெட்டைகளின் முட்டை ஒன்பது இருக்கிறது.

சித்தப்பா (18:31): நாளை சாயங்காலம் எடுத்து வருகிறேன். இருட்டிய பிறகு வைக்க வேண்டும், பகலில் வைத்தால் சந்தேகப்பட்டு எழுந்துவிடும். அந்த மூலையில் மட்டும் புதுச் சருகு கொட்டாதே, மற்ற கோழிகள் கிளற வந்துவிடும்.

நான் (18:32): சரி சித்தப்பா. இப்போதே அந்த மூலைக்குத் தனியாக வலை கட்டிவிடுகிறேன்.