டெபியன் பொதியில் டிபிஜிசிம் வரவில்லை, பேக்டிரேஸ் முழுக்கக் கேள்விக்குறி

கேட்டவர்: கூழாங்கல்
வணக்கம் நண்பர்களே. சி மொழியில் எழுதிய ஒரு திறமூல நிரலகத்தை டெபியன் 12-க்கு டெப் பொதியாக்கி அலுவலகத்தில் விநியோகிக்கிறேன். ஒரு பயனருக்கு கிராஷ் ஆகி கோர் கோப்பு (கிராஷ் ஆன நேரத்து நினைவகத்தின் பதிவு) அனுப்பினார். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்தால், பேக்டிரேஸில் (கிராஷ் வரை அழைக்கப்பட்ட ஃபங்ஷன்களின் வரிசை) நம் நிரலகம் வரும் இடமெல்லாம் "??" மட்டுமே. பில்ட் பதிவில் ஒவ்வொரு ஜிசிசி கம்பைலர் வரியிலும் டீபக் தகவலைச் சேர்க்கும் "-ஜி" இருக்கிறது, ஆனால் டிபிஜிசிம் பொதி (ஃபங்ஷன் பெயர், வரி எண் போன்ற சிம்பல்களைத் தனியாக வைத்திருக்கும் பொதி) உருவாகவே இல்லை. மூலத்தை வேறு கணினியில் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டி, அந்தச் சிம்பல்களைக் கையால் ஏற்றிப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத ஃபங்ஷன் பெயர்கள் வருகின்றன.

பனங்காடு
கையால் ஏற்றியதை முதலில் தூக்கிப் போடுங்கள். வேறு பில்ட் என்றால் முகவரிகள் இடம் மாறிவிடும், "??" வந்தால் தெரியவில்லை என்றாவது புரியும், தப்பான பெயர் வந்தால் நாள் முழுக்க அலைய விடும்.

டிபிஜிசிம் விஷயத்துக்கு வருவோம். 2015 கடைசியில் இருந்து, டெப் பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் இதைத் தானாகவே செய்கிறது, கன்ட்ரோல் கோப்பில் எதுவும் எழுத வேண்டாம். அதன் டிஹெச்_ஸ்ட்ரிப் கட்டளை நிறுவல் படி முடிந்த பிறகு ஓடும். அங்கே வந்து சேரும் கோப்பு ஏற்கெனவே ஸ்ட்ரிப் ஆகியிருந்தால் (சிம்பல்கள் நீக்கப்பட்டிருந்தால்) பிரித்தெடுக்க ஒன்றும் இருக்காது, பொதியும் வராது. மேக்ஃபைலில் ஸ்ட்ரிப் என்று தேடிப் பாருங்கள். லிங்கருக்குத் தரும் கொடிகளில் "-எஸ்" இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் சிம்பல்களை நீக்கிவிடும்.

கூழாங்கல்
நிறுவல் பகுதியில் இருக்கிறது! எஸ்ஓ கோப்பை (கட்டிய நிரலகம்) நகலெடுத்த அடுத்த வரியிலேயே ஸ்ட்ரிப். அதை நீக்கும் பேட்ச் போட்டேன், டிபிஜிசிம் வந்துவிட்டது. சரி, ஏற்கெனவே வந்த கோருக்கு என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன்
பழைய பில்ட் அடைவு இன்னும் இருக்கிறதா? இருந்தால் தப்பித்தீர்கள். ஸ்ட்ரிப் ஆனது நிறுவிய நகல்தான். லிங்கர் உருவாக்கிய அசல் கோப்பு அங்கே முழுசாக இருக்கும், பில்ட் ஐடியும் (ஒவ்வொரு பில்டையும் அடையாளம் காட்டும் எண்) அதேதான், ஏனென்றால் ஸ்ட்ரிப் அதைத் தொடாது. ("-எஸ்" லிங்கரில் இருந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.)

கோர் கோப்பை ஈயு-அன்ஸ்ட்ரிப் கட்டளையிடம் கொடுங்கள், ஏற்றப்பட்ட ஒவ்வொரு நிரலகத்தின் ஐடியையும் காட்டும். பில்ட் அடைவில் உள்ளதை ரீட்எல்ஃப் காட்டும். 40 பதின்அறும இலக்கங்களும் ஒத்துப்போனால், ஆப்ஜ்காப்பி கொண்டு டீபக் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எடுங்கள். அதை யுஎஸ்ஆர், லிப், டீபக் அடைவின் கீழ் "பில்ட்-ஐடி" என்ற மறை அடைவில் வைக்க வேண்டும். முதல் 2 இலக்கங்கள் உள்ளடைவின் பெயர், மீதி 38 கோப்பின் பெயர், கடைசியில் டீபக் என்ற பின்னொட்டு. ஜிடிபி தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

டெபியனோடு வரும் லிப்சி (சி மொழியின் அடிப்படை நிரலகம்) வரும் இடங்களிலும் "??" வந்தால் அதற்கும் சிம்பல் வேண்டும். டெபியன் தன் டிபிஜிசிம் பொதிகளைத் தனிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. டீபக்இன்ஃபோடி (சிம்பல்களை இணையம் வழியே தரும் சேவை) முகவரியைச் சூழல் மாறியில் கொடுத்தால் ஜிடிபியே இறக்கிக்கொள்ளும்.

கூழாங்கல்
அடைவு இருந்தது, ஐடியும் ஒத்துப்போனது. இப்போது வரி எண்ணோடு வருகிறது: மெமரியை விடுவித்த பிறகு அதே பாயின்டரை மறுபடி விடுவிக்கிறது. நன்றி அண்ணா!

பனங்காடு
அப்புறம், ஒவ்வொரு வெளியீட்டின் டிபிஜிசிம் பொதியையும் டெப் பொதிக்குப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள். பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் பயனரிடம் இருந்துதான் அடுத்த கோர் வரும்.