மறு: "தடுப்பூசிவழிப் போலியோ" சரியான சொல்லா?

அக்கா, சொட்டுமருந்துல இருக்கிற வீரியம் குறைச்ச வைரஸ் மாறி மறுபடி நோய் தர்ற வைரஸா ஆகறதை இங்கிலீஷ்ல vaccine-derived poliovirusனு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ச் சொல்லா நீங்க போட்ட "தடுப்பூசிவழிப் போலியோ வைரஸ்" பத்திரிகைல எல்லாம் வருதுதான், ஆனா அதை அகராதில ஏத்த வேண்டாம். நமக்கு ஊசி வேற, சொட்டு வேற. போலியோ ஊசில இருக்கிறது செத்த வைரஸ், அதுலேர்ந்து இது வரவே வராது. சொட்டுலதான் வீரியம் குறைச்ச உயிருள்ள வைரஸ். பேரைப் பாத்துப் பயந்து ஒரு தாய் ஊசியையே வேணாம்னுட்டா யார் பொறுப்பு?

தம்பி சொன்ன "சொட்டுமருந்துவழி" பரவால்ல, ஆனா பாதிதான் சொல்லுது. சொட்டு குடிச்ச பிள்ளையோட மலத்துல வெளிய போற வைரஸ், தடுப்பு இல்லாத பிள்ளைங்க வயித்துல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குன்னு மாசக்கணக்கா சுத்தினாதான் பழைய வீரியம் திரும்பும், எல்லாரும் சொட்டு குடிச்ச ஊர்ல அதுக்கு வழியே இல்ல. காஸால 2022ல 99 சதவீதம் பிள்ளைங்களுக்குப் போலியோ தடுப்பு இருந்துச்சு, போர் வந்து ஆஸ்பத்திரி எல்லாம் நொறுங்கி, சனங்க கூடாரம் கூடாரமா இடம் மாறி, வாசல்லயே சாக்கடை ஓட, அது 90க்கும் கீழ போயிடுச்சு. 2024 ஜூன்ல கான் யூனிஸ், தெய்ர் அல் பலா சாக்கடைல எடுத்த சாம்பிள்ல இப்படி வீரியம் திரும்பின டைப் 2 போலியோ வைரஸ் இருந்துச்சு. ஆகஸ்ட்ல பத்து மாசக் குழந்தை ஒண்ணுக்குக் கால் விளங்காமப் போச்சுன்னு உறுதியாச்சு, அங்க 25 வருஷத்துல முதல் கேஸ். அந்தக் குழந்தைக்குத் தடுப்பு மருந்தே போட முடியல! அதுக்கு வந்த நோய்க்குப் போய் சொட்டோட பேரை வைக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

அதனால "வீரியம் மீண்ட போலியோ வைரஸ்", சுருக்கமா "மீள்வீரியப் போலியோ". மூலம் சொட்டுங்கறதை மறைக்க வேண்டாம், விளக்கத்துல முதல் வரியிலயே எழுதிடலாம்.

இன்னொண்ணு, காஸால அதே 2024 செப்டம்பர் 1லேர்ந்து சொட்டு போடறதுக்காக பகுதி பகுதியா, பகல்ல சில மணி நேரம் சண்டையை நிறுத்தினாங்களே, அதைப் "போர்நிறுத்தம்"னு எழுதாதீங்க. மத்த நேரம் குண்டு விழுந்துட்டுதான் இருந்துச்சு, வடக்குல ரெண்டாவது சுத்து நவம்பருக்குத் தள்ளிப் போனதே அதனாலதான். "சொட்டுமருந்து இடைநிறுத்தம்"னு வைக்கலாம்னு தோணுது. ஆனா இலங்கைலயும் 90கள்ல சொட்டு போட சண்டையை நிறுத்தின நாட்கள் உண்டு, வன்னி, யாழ்ப்பாணப் பக்கம் சனம் அப்போ அதை என்னன்னு சொன்னாங்கன்னு நம்ம ஈழத்து நண்பர்கள் சொன்னா அந்தச் சொல்லையே எடுத்துப்போம்.